பாங்காக்குக்குப் போன அம்பு ஸ்டிக்கர்

கரண்ட் போன பிறகுதான் அந்த யோசனை வந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மேல்மாடியில் இருக்கிறது செல்வினின் பிரவுசிங் சென்டர். அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் இன்டர்நெட் வழியாக மலேசியாக்காரர்கள் மூவரோடு போர் நடத்திக்கொண்டிருந்தோம். பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் புண்ணியத்தில் மோடமும் என் கம்ப்யூட்டரும் மட்டும் பீப் பீப் என்று கதறிக்கொண்டு உயிரோடு இருந்தன. செல்வினும் கார்த்தியண்ணனும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தங்கள் திரையில் கடைசியாகப் பார்த்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து கத்தினார்கள். அவர்கள் கத்தக் கத்த நான் படையை நகர்த்தினேன். ஜெயித்துவிட்டோம்.

இருட்டில் செல்வின் கேட்டான்: "ஏ மேடம், லைட்டே இல்லாம ஜெயிச்சிட்டோம்லா? லைட்டு உள்ள ஊர்ல போயி ஆடுனா என்ன?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி எங்களைத் தகுதிச்சுற்றில் ஜெயிக்கவைத்து, பாங்காக்கில் நடக்கும் சர்வதேசப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனது.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுகிற விளையாட்டு இல்லை இது. ஒரு அணிக்கு மூன்று பேர், மூன்று திரை. ஒருவர் ஒற்றர், அவருடைய ஆட்கள் பார்ப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். இன்னொருவர் சப்ளை, எண்ணெய் லாரிகள், சாலைகள், பாலங்கள் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் தளபதி. படையை நகர்த்துவது அவர்தான், ஆனால் எதிரி எங்கே, எண்ணெய் எங்கே என்று அவர் திரையில் ஒன்றும் தெரியாது. மற்ற இருவரும் வாயால் சொல்வதுதான் அவருக்குக் கண். வரைபடம் முழுக்கப் பனிமூட்டம். நேரம் யாருக்காகவும் நிற்காது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் ஒற்றர் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சப்ளை கார்த்தியண்ணன், என் பெரியப்பா மகன்; எக்ஸ்போர்ட்டர்களின் துணியை வாங்கிச் சாயம் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் பட்டறை நடத்துகிறார். தளபதி நான். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் ஃபாக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம்.

பாங்காக் போட்டியில் பரிசு ஒரு கோப்பைதான். ஆனால் ஜெயிக்கும் அணியின் சொந்த ஊர் சென்டருக்கு, அடுத்த வருடத் தகுதிச்சுற்றை நடத்தும் அங்கீகாரம் கிடைக்கும். செல்வினுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சும்மா மெயில் பார்க்க வருபவர்களை வைத்து சென்டரை ஓட்ட முடியவில்லை. அவன் அக்கா வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பேசி வைத்திருந்தார். "அங்கீகாரம் வந்தா இங்க இருப்பேன். வரலைன்னா கம்ப்யூட்டர வித்துட்டு ஃபிளைட் ஏறுதேன்" என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவன் போய்விட்டால் சென்டரும் இல்லை, அணியும் இல்லை.

எனக்கு லீவு கிடைத்ததற்குக் காரணம் ஒரு சாம்பிள் டி-ஷர்ட். பாங்காக்கில் எங்கள் பையருக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது. "போறது போற, இதக் காட்டி ஓகே வாங்கிட்டு வந்துரு கண்ணு" என்றார் முதலாளி. அம்மா விட்டதற்குக் காரணம் கார்த்தியண்ணன் கூட வருவது. அண்ணன் பாடுதான் பாவம். பாங்காக் என்றதும் ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். "அம்மிணிக்குத் துணைக்குப் போறனுங்க" என்று ஒவ்வொரு டீக்கடையிலும் விளக்கம் கொடுத்து ஓய்ந்துபோனார்.

*

முதல் நாள் நாங்கள் பார்த்த பாங்காக் மழைக்குள் இருந்தது. எங்கள் டாக்ஸி முட்டளவு தண்ணீரில் நின்றுவிட, டிரைவர் பதறாமல் ஒரு பொட்டலம் பிரித்து அன்னாசிப்பழம் நீட்டினார். மிளகாய்த்தூளும் உப்பும் சர்க்கரையும் தொட்டுக்கொள்ள. பழனி ரோட்டில் மாங்காய் தின்ற மாதிரி இருந்தது.

கார்த்தியண்ணனுக்கு ஒரு பெரிய சிக்கல். புரட்டாசி மாதம். கறி, மீன் தொடமாட்டார். பாங்காக்கிலோ கீரைப் பொரியலில்கூட மீன் சாறு விடுகிறார்கள். ஒரு வேளை வெறும் சோறும் சர்க்கரையும் தின்றார். அப்புறம்தான் தெருவெல்லாம் மஞ்சள் கொடி கட்டிய தள்ளுவண்டிகள் கண்ணில் பட்டன. அங்கிருக்கும் சீனர்களுக்கும் அது விரத காலமாம். மஞ்சள் கொடி கட்டிய கடையில் முட்டைகூடக் கிடையாதாம். அண்ணன் கும்பிடாத குறை. "பாத்தியா அம்மிணி, இந்த ஊர்லயும் புரட்டாசி இருக்குது" என்று சொல்லிச் சொல்லி மூன்று தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டார்.

மறுநாள் காலை போட்டி மண்டபத்துக்குக் கால்வாய்ப் படகில் போனோம். அங்கே அது டவுன் பஸ் மாதிரி. கண்டக்டர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் விளிம்பிலேயே நடந்து டிக்கெட் கொடுக்கிறார்கள். தண்ணீர் தெறித்தால் பயணிகளே கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிக்கொள்கிறார்கள். கார்த்தியண்ணன் எட்டிப் பார்த்துத் தொழில் ரீதியாகத் தீர்ப்புச் சொன்னார்: "தண்ணி கருப்புத்தான். ஆனா ஒரே ஷேடு. நம்ம நொய்யல் ஆத்துல தெனத்துக்கு ஒரு ஷேடு வரும்."

பிரதுனாம் என்ற துறையில் எல்லோரும் இறங்கி வேறு படகு மாற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. படகே காலியான பிறகும் நாங்கள் மூவரும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தோம். கரையில் நின்ற ஒரு அம்மா எங்களைக் காட்டி ஏதோ சொல்ல, கூட்டமே சிரித்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் மொழிபெயர்த்தாள்: "படகை விலைக்கு வாங்கிட்டாங்களான்னு கேக்குறாங்க."

மண்டபத்துக்கு மூச்சிரைக்க ஓடிப்போய் உட்கார்ந்தோம். நடுவில் மரத் தடுப்பு. ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாது. காதில் ஹெட்போன். தளபதியின் மேஜையில் மட்டும் ஒரு காகித வரைபடம் விரித்திருந்தது.

முதல் ஆட்டம் வியட்நாம் அணியோடு. ஆற்றைக் கடந்து அடித்தால் முடிந்தது கதை. அண்ணனைக் கேட்டேன்.

"எண்ணெய் வண்டி?"

"கிளம்பிருச்சு அம்மிணி."

மொத்தப் படையையும் ஆற்றைக் கடக்கவிட்டேன். அக்கரையில் எண்ணெய் தீர்ந்து டாங்கிகள் பொம்மை மாதிரி நின்றன. வியட்நாம்காரர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

"கிளம்பிருச்சுன்னீங்களேண்ணா!"

"லோடு ஏத்திட்டிருந்தாங்க. ஏத்துனா கிளம்புறதுதான?"

செல்வின் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "அண்ணாச்சி, நீரு பட்டறைல பேசுத மாரியே பேசுதீரு."

அது உண்மை. திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறைக்கு போன் போட்டுக் கேட்டாலும் துணி "கிளம்பிருச்சுங்க" என்றுதான் பதில் வரும். துணி அப்போதுதான் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். பொய் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. இன்னும் ஆகவில்லை என்று சொன்னால் கேட்பவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அரை மணிக்கொரு தரம் போன் அடிப்பார். கிளம்பிருச்சு என்பது அவர் மனசுக்கு ஒரு ஆறுதல். கேட்பவருக்கும் விஷயம் தெரியும். மனசுக்குள் அரை நாள் கூட்டிக்கொள்வார். நானே பையருக்கு அப்படித்தான் மெயில் எழுதுகிறேன். ஊரே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. போரில் ஓடவில்லை.

மதியம் இலங்கை அணி. எனக்குச் சூடு பட்டிருந்ததால் அண்ணன் சொன்ன எதையும் நம்பவில்லை. "நெசமாவா? பாத்தீங்களா? மறுபடி பாருங்க" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். இந்த முறை அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. நான் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க, நேரம் முடிந்து ஆட்டம் டிரா ஆனது.

டிராவின் ஒற்றைப் புள்ளியில் கடைசி அணியாக அரையிறுதிக்குள் நுழைந்திருந்தோம்; இனி ஒரு ஆட்டம் தோற்றாலும் வெளியே. வாசலில் கார்த்தியண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ற வாய் பழக்கம் அம்மிணி. இருவது வயசுலருந்து பட்டறை. 'இன்னும் ஆகலீங்க'ன்னு சொன்னா அடுத்த தடவ துணி வேற பட்டறைக்குப் போயிரும். நாக்கே வரமாட்டீங்குது." செல்வின் தன் போனை எடுத்தான். மஸ்கட்டிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸை மட்டும் என்னிடம் காட்டினான்: விசா தயார், பாஸ்போர்ட் நகல் அனுப்பு.

மனசு சரியில்லை என்றால் திருப்பூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். காலையில் மானம் போன அதே பிரதுனாமில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் டி-ஷர்ட் சந்தை. எங்கள் ஊர் காதர்பேட்டையின் பனியன் கடைகளை நாலு மாடிக்கு அடுக்கி ஏசி போட்ட மாதிரி. மூன்று பேரும் ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் புரட்டித் தையல் பார்த்தோம். கழுத்தை இழுத்துப் பார்த்தோம். ஒரு கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். அவர் மகள் சொன்னாள்: "வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களான்னு அம்மா கேக்குறாங்க."

அப்போதுதான் என் கை தானாக அந்தக் காரியத்தைச் செய்தது. ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தது. கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, விட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டேன். எங்கள் செக்கிங் மேஜைகளில் இதுதான் வழக்கம். குறையைக் கண்ணால் பார்த்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு. குறையா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் மஞ்சள் அம்பு. சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒட்டிவிட்டு அடுத்த பீஸுக்குப் போய்விடுவார்கள்.

கடைக்காரம்மா அம்பைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பிய்த்துச் செல்வின் நெற்றியில் ஒட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஏ மேடம்," என்றான் செல்வின், நெற்றியில் அம்போடு, "இத வரைபடத்துல ஒட்டுனா என்ன? நான் கண்ணால பாத்தது செவப்பு. நெனைக்குதது மஞ்ச."

கார்த்தியண்ணன் திரும்பினார். "மஞ்சன்னா பொய் இல்லைல்ல?"

"இல்லண்ணா. மஞ்சன்னா மஞ்சதான்."

"அப்பச் சொல்லீரலாம்" என்றார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ரத்தம் ஓடியது.

*

மறுநாள் காலை அரையிறுதியில் தைவான் அணியை வெளுத்து வாங்கினோம். "பாலம் சிவப்பு, குன்று மஞ்ச, ரோடு மஞ்ச" என்று இருவரும் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். எதில் கால் வைக்கலாம், எதில் விரலை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று வரைபடமே சொன்னது. ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

ஃபைனலில் பாங்காக் மாணவர்கள். மூவரும் ரோஸ் கலர் சட்டை. அவர்கள் தளபதி நிம்மதியாக ஐஸ் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தான். கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம்.

ஆட்டத்திலும் மழை. நடுவே ஆறு. வடக்கே ஒரு பாலம், நடுவே ஒரு மேடு, தெற்கே இறங்கிக் கடக்கிற மாதிரி ஒரு துறை. எதிரி எங்கே?

"தெக்க தூசி தெரியுது. மஞ்ச" என்றான் செல்வின். "வடக்க சத்தம் கேக்கு. அதும் மஞ்ச."

இரண்டும் மஞ்சள். அண்ணன்தான் வழி சொன்னார்: "லேப் டிப் போடு அம்மிணி."

டன் கணக்கில் துணியை ஒரேயடியாகச் சாயத்தில் முக்கமாட்டார்கள். முதலில் கையளவு துண்டுகளை ஏ, பி, சி என்று மூன்று விதமாக முக்கிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் லேப் டிப். நானும் மூன்று சின்னப் படைகளை மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். வடக்கே போனதும் நடுவே போனதும் அடிபடாமல் திரும்பின. தெற்கே போனது திரும்பவே இல்லை.

"தெக்க செவப்பு!" என்று கத்தினான் செல்வின். "மொத்தப் பேரும் அங்கதான் கெடக்கானுவ!"

அப்படியானால் வடக்குப் பாலம் காலி. இப்போதே பாய்ந்தால் கதை முடியும். கை மவுஸுக்குப் போனது.

"அண்ணா, எண்ணெய் வண்டி?"

 தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கீபோர்டைத் தட்டுவது மட்டும் கேட்டது.

"அண்ணா?"

"கிளம்பல அம்மிணி" என்றார். "மழைல ரோடு போச்சு. இன்னும் லோடே ஏத்தல. செவப்பு."

என் வாழ்நாளில் எந்தச் சாயப்பட்டறை வாயிலிருந்தும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

பாய்ந்திருந்தால் வியட்நாம் கதைதான் மறுபடியும். கையை எடுத்தேன். கடக்கக் கூடாது, ஆனால் கடக்கப் போவதாக அவர்கள் நம்ப வேண்டும். நாலைந்து டாங்கிகளை மட்டும் வடக்குப் பாலத்தருகே இஞ்சினைப் போட்டு உறுமவிட்டேன். மீதிப் படையை மிச்சமிருந்த எண்ணெயில் இக்கரையிலேயே தெற்குத் துறைக்குப் பின்னால் காட்டுக்குள் நகர்த்தி, இஞ்சினை அணைத்துப் படுக்கவைத்தேன்.

"அசையுதானுவ" என்று கிசுகிசுத்தான் செல்வின். "தெக்கருந்து வடக்க ஓடுதானுவ. செவப்பு மேடம், செவப்பு! சேத்துல எண்ணெய எரிச்சிட்டு ஓடுதானுவ!"

பாலத்தை அடைந்தவர்களுக்கு அங்கே உறுமல்தான் கிடைத்தது. ரோஸ் சட்டைத் தளபதி ஐஸ் காபியைக் கீழே வைத்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ரோட்டச் சரி பண்ணியாச்சு. கிளம்பிருச்சு!" என்றார் அண்ணன்.

"மஞ்சளா, சிவப்பாண்ணா?"

"செவப்பு அம்மிணி, செவப்பு! என்ற கண்ணு முன்னால போகுது! மொத வண்டி துறைக்கே வந்துருச்சு!"

தெற்கே மொத்தப் படையையும் இறக்கினேன். திரும்பி ஓடிவர அவர்களிடம் எண்ணெய் இல்லை. திரையில் அவர்கள் கொடி இறங்கியபோது மண்டபம் எங்களுக்காகவும் கைதட்டியது. செல்வின் தடுப்பையே தாண்டிக் குதித்து அண்ணனைத் தூக்கிவிட்டான். "அண்ணாச்சி, கிளம்பலன்னு சொன்னீரே, அது போதும்வே!"

ரோஸ் சட்டைக்காரர்கள் எங்களை மஞ்சள் கொடி கடைக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் தளபதி எங்கள் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் ரகசியச் சாஃப்ட்வேர் எது என்று கேட்டான். மீதிச் சுருளை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

செல்வின் கடைக்கு வெளியே நின்று அப்பாவுக்கு போன் போட்டான். "எப்பா, மஸ்கட் வேண்டாம். ஜெயிச்சிட்டோம்... ஆமா, சென்டருக்குக் கெடச்சிட்டு."  திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "'சாப்ட்டியாலே'ன்னு கேக்காவ. அவ்ளவுதான்."

கடைசி நாள் காலையில் பையர் ஆபீஸ். சாம்பிள் ஓகே ஆனது. அங்கிருந்த பெண் அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, மொத்தத் துணியும் சாயத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டார். கிளம்பிவிட்டது என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. "இன்னும் போகவில்லை" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். சரக்கு அனுப்பும் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு, தேங்க்ஸ் சொன்னார். திருப்பூர் வியாபாரத்தில் இப்படியும் ஒரு வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

*

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செல்வினின் சென்டர் வாசலில் புது போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் தகுதிச்சுற்று. சோமனூரிலிருந்து தறிக்காரப் பையன்கள் ஒரு அணி, உடுமலையிலிருந்து காற்றாலையில் வேலை பார்ப்பவர்கள் ஒரு அணி, எங்கள் கம்பெனியிலிருந்தே பீகார்க்காரத் தையல்காரர்கள் ஒரு அணி. ஹிந்தியில் சிவப்பு மஞ்சள் சொல்லிப் பழகுகிறார்கள். எல்லாம் தயார். கரண்ட் மட்டும்தான் யார் கையிலும் இல்லை. அதற்காகப் பல்லடத்திலிருந்து ஒரு ஜெனரேட்டர் பேசியிருக்கிறோம்.

காலையிலேயே கார்த்தியண்ணன் ஜெனரேட்டர்காரருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"கிளம்பிருச்சுங்க!"

 அண்ணன் போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஜில்லா மேப்பில் பல்லடத்தின் மேல் ஒரு மஞ்சள் அம்பை ஒட்டினார்.

செல்வின் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். பல்லடம் ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே போகப் போகிறோம். என் கைப்பையில் சிவப்புச் சுருள் இருக்கிறது.